என் இறால் வடையும் தலைவரின் வில்வமும்

எங்கள் ஊர்ச் சங்கத்தின் தலைவர் ஒரு பொய்யர். வாய் தவறி வந்த பொய் அல்ல. தெரிந்துகொண்டு, யோசித்து, காற்புள்ளி முற்றுப்புள்ளி எல்லாம் ஒழுங்காக வைத்து எழுதிய பொய். சங்கத்தின் வாட்ஸப் குழுவில் ஒரு புதன்கிழமை காலை அவர் போட்ட செய்தி இது:

"ஞாயிற்றுக்கிழமை இனிதே நடைபெற்ற எமது இயற்கைச் சுற்றுலாவில் கலந்துகொண்ட உறுப்பினர்கள் சிலருக்கு ஏற்பட்டுள்ள தோல் ஒவ்வாமைக்கு, பரிமாறப்பட்ட இறால் வடையே காரணமாக இருக்கலாம் என அறிகிறோம். அனைவரும் விரைவில் நலம்பெற இறைவனை வேண்டுகிறோம்."

கீழே கைகூப்பும் படங்கள் மூன்று. ஒன்று போதாது என்று நினைத்தார் போல.

அந்த இறால் வடையைச் சுட்டவள் நான்.

கனடாவில், ஸ்காபரோவில் பதினாறு வருடங்களாக விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறேன். எனக்குக் கடை கிடையாது, விளம்பரம் கிடையாது. ஒரு வீட்டுச் சாமத்தியச் சடங்கில் சாப்பிட்டவர்கள் அடுத்த வீட்டுக் கலியாணத்துக்கு என் இலக்கத்தைக் கொடுப்பார்கள். என் தொழிலுக்கு இருக்கிற ஒரே முதல் என் பெயர். அந்தப் பெயரைத்தான் தலைவர் மூன்று கும்பிடோடு எடுத்துக் குப்பையில் போட்டார்.

எப்படி நடந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன். சங்கத்தின் ஆண்டு மலருக்குப் பயணக் கட்டுரை எழுதித் தரும்படி என்னிடம்தான் முதலில் கேட்டிருந்தார்கள். இனிய அனுபவங்களாக எழுதட்டாம். இதோ எழுதுகிறேன்.

எங்கள் சங்கத்து ஆண்களுக்கு இரண்டு வருடமாக ஒரு ஆசை. நயாகராப் பக்கம் போய், வைன் செய்கிற தோட்டங்களில் நின்று, கண்ணாடிக் கிண்ணத்தைச் சுழற்றிக் குடிக்க வேண்டும். வேலையிடத்தில் வெள்ளைக்காரர்கள் திங்கட்கிழமைகளில் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி இவர்களைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் "வைன் குடிக்கப் போகிறோம்" என்று ஊர்ச் சங்கம் அறிவித்தால் வீட்டுக்கு வீடு விசாரணை நடக்கும். ஆகவே நிர்வாக சபை கூடி, மூளையைக் கசக்கி, வைன் ஊருக்குப் பக்கத்தில் ஒரு காட்டைக் கண்டுபிடித்தது. பாதுகாக்கப்பட்ட இயற்கைக் காடு. நடைபாதை இருக்கிறது, பறவை இருக்கிறது, கட்டணம் இல்லை. துண்டுப்பிரசுரத்தில் "இயற்கையோடு ஒரு நாள்" என்று பெரிய எழுத்து. ஒரு மான், ஒரு அருவி. கீழ் மூலையில், பார்வை நன்றாக உள்ளவர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி, ஒரு திராட்சைக் குலை.

பெண்கள் மானைப் பார்த்தார்கள். ஆண்கள் திராட்சையைப் பார்த்தார்கள். பஸ் நிறைந்தது.

சாப்பாடு என் பொறுப்பு. ஆட்டிறைச்சிப் புரியாணி, இறால் வடை, மரக்கறி ரோல்ஸ். மச்சம் மாமிசம் சாப்பிடாத நாலு பேருக்கு வேறு சட்டியில், வேறு எண்ணெயில் சமைத்து, நீல நாடா ஒட்டிய பெட்டிகளில் தயிர்ச்சாதம். அந்த நாலு பேரில் தலைவரும் ஒருவர். மகளுக்கு வேலை கிடைத்ததற்கு நேர்த்தி வைத்து ஒரு மாதம் மச்சத்தை விட்டிருந்தார். இந்த நீல நாடாவை வாசிப்பவர்கள் கொஞ்சம் ஞாபகம் வைத்திருக்கட்டும். தலைவர் மறந்துவிட்டார்.

எட்டு மணிக்குப் புறப்படும் என்று சொன்ன பஸ் ஒன்பதரைக்குப் புறப்பட்டது. அது தாமதம் இல்லை, எங்கள் சங்கத்தின் நேரம். ஓட்டுநர் புத்தளத்து முஸ்லிம், நாற்பது வயது இருக்கும். எங்களைப் போன்ற சங்கங்களை ஏற்றி இறக்கியே பொறுமை பழகியவர். ஏரியைத் தாண்டி, பெரிய பாலத்தைத் தாண்டி, சாலையின் இரண்டு பக்கமும் திராட்சை தெரிய ஆரம்பித்ததும் பஸ்ஸுக்குள் ஆண்கள் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"உதென்ன, வேலி மாதிரிக் கம்பியில ஓட விட்டிருக்கிறாங்கள்? எங்கட பக்கம் பந்தல் போட்டெல்லோ வளர்க்கிறது" என்றார் பொருளாளர்.

"உங்கட பந்தலில வைன் வந்ததே?" என்று பின்னுக்கிருந்து ஒரு குரல்.

"வரேல்லைத்தான். ஆனால் நிழல் வந்தது."

காட்டு வாசலில் பஸ் நின்றது. சரளைக்கல் போட்ட தரிப்பிடம், தண்ணீர் வசதி இல்லாத ஒரு கழிப்பறை, இரண்டு மரத் தூண்களில் அறைந்த ஒரு அறிவிப்புப் பலகை. அதற்கப்பால் மேப்பிளும் ஓக்கும் அடர்ந்து மலைச்சரிவில் ஏறுகின்றன. நல்ல இடம்தான். பைனாகுலர் வைத்துக்கொண்டு ஒரு வயதான வெள்ளைக்காரச் சோடி மரத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றது. எங்கள் ஆட்கள் இறங்கிக் கதைக்கத் தொடங்கியதும் அவர்கள் பைனாகுலரைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனார்கள். பறவைகள் அவர்களுக்கு முன்னமே போயிருக்கும்.

இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் சங்கம் எங்கே போனாலும் முதல் வேலை பதாகை கட்டுவது. கடற்கரைக்குப் போனால் கடலை மறைத்துக் கட்டுவோம். முதியோர் இல்லத்துக்கு உதவி கொடுக்கப் போனால் முதியோரை மறைத்துக் கட்டுவோம். சங்கத்தின் பெயர், இலச்சினை, நிறுவிய வருடம், தலைவரின் படம். அதற்கு முன்னால் எல்லோரும் நின்று படம் எடுக்காவிட்டால் அந்த இடத்துக்கு நாங்கள் போகவில்லை என்று அர்த்தம். அன்றைக்கும் பதாகையைக் கட்ட இடம் தேடினார்கள். சரியான இடைவெளியில் இரண்டு தூண்கள் ஆயத்தமாக நின்றன. அறிவிப்புப் பலகையின் தூண்கள்.

ஓட்டுநர் தேநீர்க் கோப்பையோடு பலகையை வாசித்துக்கொண்டு நின்றவர். "அண்ணன், இதுல என்னமோ சிவப்பு எழுத்துல போட்டிருக்காங்க. கொஞ்சம் பாருங்களேன்" என்றார்.

தலைவர் கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னார்: "காட்டுக்குள்ள என்னத்தைத் தம்பி போடப் போறாங்கள். குப்பை போடாதை, நாயை அவிழ்த்து விடாதை. நாங்கள் ரெண்டும் செய்ய மாட்டம். நீர் தள்ளி நில்லும், படத்துக்குள்ள விழுறீர்."

படம் எடுத்தோம். பலகை இருந்த இடத்தில் தலைவர் இருந்தார். நாங்கள் திரும்பிப் புறப்படும் வரைக்கும் பதாகை அவிழ்க்கப்படவில்லை.

நடைபாதையில் தலைவர் முன்னால் போனார். அவர் எதிலும் முன்னால் போவார், அது அவருடைய நோய். இருபது நிமிடம் நடந்திருப்போம். திடீரென்று நின்றார். பாதையோரத்தில் முழங்கால் உயரத்தில் பச்சைப் பசேல் என்று ஒரு செடி பரந்து கிடந்தது. மினுமினுப்பான இலை. ஒரு காம்பில் மூன்று இலை, நடு இலைக்கு மட்டும் காம்பு கொஞ்சம் நீளம்.

"சிவ சிவா! இஞ்சை பாருங்கோ. வில்வம்!"

வெளிநாட்டில் இருக்கிற சைவர்களுக்குத் தெரியும், இங்கே வில்வம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று. கடையில் வருவது காய்ந்து கறுத்த இலை. சிலர் வீட்டுக்குள் தொட்டியில் வைத்து, குளிர்காலம் முழுக்க விளக்கு வெளிச்சம் பிடித்துப் பிள்ளையைப் போல வளர்த்து, வருடத்துக்குப் பத்து இலை எடுப்பார்கள். அடுத்த நாள் பிரதோஷம் வேறு. அதுவும் திங்கட்கிழமையில் வந்த பிரதோஷம். பெண்கள் எல்லோரும் தலைவரைச் சுற்றி நின்றுவிட்டார்கள். மானைக் காட்டுகிறேன் என்று கூட்டி வந்தவர் சிவனையே காட்டிவிட்டார்.

எனக்கு அது வில்வம் இல்லை என்று தெரிந்தது. வேறு என்ன என்று தெரியாது. அதைத்தான் சொன்னேன்.

"அண்ணை, வில்வம் மரமெல்லோ. முள்ளிருக்கும். உது நிலத்தில கிடக்குது."

"தங்கச்சி, இது கனடா. இந்தக் குளிருக்கு மரமா நிக்க ஏலாது. குறுகித்தான் வளரும். எங்களைப் போல."

எல்லோரும் சிரித்தார்கள். நான் விடவில்லை. அடுத்ததாகச் சொன்னதுதான் என் பிழை. அதை நானே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்ததாகச் சொல்லத் தேவையில்லை.

"வில்வமெண்டால் கசக்கினால் மணக்கும். கசக்கி மணந்து பாருங்கோ."

தலைவர் ஒரு பிடி இலையைப் பிடுங்கி, இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்து நன்றாகக் கசக்கி, மூக்கோடு சேர்த்து அழுத்தி, கண்ணை மூடி மணந்தார்.

"மணம் குறைவுதான்" என்றார். "குளிர் நாட்டு இலை. ஆனால் ஒரு தெய்வீகம் இருக்கு."

அதற்குப் பிறகு பறிப்பு நடந்தது. இந்த மாதிரிக் காடுகளில் ஒரு இலைகூடப் பிடுங்கக்கூடாது என்று பஸ்ஸில் வரும்போது தலைவரே ஒலிவாங்கியில் சொன்னவர். இப்போது அவரே பிடுங்கிப் பிடுங்கிப் பிரசாதம் போல ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். சிலர் கைப்பையில் வைத்தார்கள். சிலர் சேலைத் தலைப்பில் முடிந்தார்கள். ஒரு அன்ரி கொண்டையில் செருகினார். பொருளாளர் கோயிலில் செய்வது போலவே ஒரு இலையைக் காதில் செருகிக்கொண்டார். கோயிலுக்குக் கொடுக்கவென்று தலைவர் ஒரு பெரிய பை நிறையத் தனியாகச் சேர்த்தார்.

எனக்கும் நீட்டினார். "வேண்டாம் அண்ணை, நான் சாப்பாடு போட வேணும், கையில ஒண்டும் பிடிக்க மாட்டன்" என்றேன்.

"உமக்குச் சுவாமியை விடச் சட்டி முக்கியம்."

"ஓம். பசிச்சால் உங்களுக்கும் அதுதான் முக்கியம்" என்று சொல்லிவிட்டுத் தரிப்பிடத்துக்கு நடந்தேன்.

அரை மணித்தியாலத்தில் எல்லோரும் வந்துவிட்டார்கள். கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்று முதலே சொன்னேன். ஈரத்தாளால் கையைத் துடைத்துவிட்டு, புரியாணியைக் கையால் பிசைந்து சாப்பிட்டார்கள். கரண்டி வைத்திருந்தேன், யாரும் தொடவில்லை. இறால் வடை ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஓட்டுநர் மட்டும் நாலு சாப்பிட்டார். "அக்கா, வீட்டுக்கும் ரெண்டு தாங்க" என்றபோது கொடுக்க என்னிடம் இருக்கவில்லை. தலைவர் நீல நாடாப் பெட்டியைத் திறந்து தயிர்ச்சாதம் சாப்பிட்டார். நான் பக்கத்தில் நின்று ஊறுகாய் போட்டேன்.

பிறகு வைன். அதையும் சொல்லிவிடுகிறேன், ஆசைப்பட்டது அதற்குத்தானே. ஒரு பெரிய கட்டடத்துக்குள், அழகாக உடுத்திய ஒரு பெண்பிள்ளை எங்களை வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொரு கிண்ணத்திலும் அடியில் ஒட்டுகிற அளவுக்கு ஊற்றினாள். ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் விளக்கம் சொன்னாள். செர்ரி வாசமாம், புகை வாசமாம், ஈரமண் வாசமாம்.

பொருளாளர் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். "உதென்னப்பா தீர்த்தம் தாற மாதிரித் தாறாள்? தலையில தடவுறதோ, குடிக்கிறதோ?"

"குடிச்சிட்டு மிச்சத்தைத் தலையில தடவும்" என்றார் அவருடைய மனைவி.

தலைவர் அவள் ஊற்றிய நாலு விதத்தையும் குடித்தார். நேர்த்தி என்ன ஆயிற்று என்று நான் கேட்டேன். நேர்த்தி மச்சத்துக்கு மட்டும்தானாம், இது பழச்சாறாம். திரும்பி வரும் வழியில் பழச்சாறு குடித்தவர்கள் எல்லோரும் வாயைத் திறந்தபடி நித்திரை.

திங்கட்கிழமை மாலை முதல் அழைப்பு வந்தது. செவ்வாய்க்கிழமை நிறைய. கையில் சிவந்து தடித்திருக்கிறதாம். கோடு கோடாகக் கொப்புளமாம். கொண்டையில் செருகிய அன்ரிக்குக் கழுத்து முழுக்க. பொருளாளரின் ஒரு காது மட்டும் மற்றக் காதைப்போல இரண்டு மடங்கு. சிலருக்கு உதடு வீங்கியிருந்தது. உதடு வீங்கினால் மனிதர்கள் எதை நினைப்பார்கள்? சாப்பாட்டைத்தான். நானும் பயந்தேன். இறால் வாங்கிய கடைக்கு ஓடினேன், எண்ணெயின் திகதியைப் பார்த்தேன், குளிர்பெட்டியில் மிச்சமிருந்த இறாலை அவித்து நானே சாப்பிட்டுவிட்டு ஒரு நாள் முழுக்கக் கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். ஒன்றும் வரவில்லை.

புதன்கிழமை தலைவரின் செய்தி வந்தது.

வியாழக்கிழமை ஸ்ரௌவ்விலில் இருந்து ஒரு பெண் தொலைபேசி எடுத்தார். புதுவீடு வாங்கியிருக்கிறார்கள், குடிபூரலுக்கு என்னிடம்தான் சாப்பாடு சொல்லியிருந்தார்.

"அக்கா, குறை நினைக்காதைங்கோ. இவற்ற வீட்டு ஆக்கள் வருவினம். சின்னப் பிள்ளையளும் வருவினம். இந்த முறை வேற ஆளிட்ட எடுக்கிறம். கனபேர் வாறபடியால்தான்…"

"றால் வேண்டாமெண்டால் விடுவம். மரக்கறி தாறன்" என்றேன்.

"இல்லை அக்கா" என்றார். "சனம் கேக்குங்கள், ஆரின்ர சாப்பாடெண்டு."

ஆரின்ர சாப்பாடு. பதினாறு வருடமாக அந்தக் கேள்விக்கு என் பெயரைச் சொல்லித்தான் எனக்கு வேலை வந்தது. அந்த வாரத்தில் மட்டும் இன்னும் மூன்று பேர் இதே மாதிரிக் குறை நினைக்க வேண்டாம் என்று சொன்னார்கள். எல்லோரும் நல்ல மரியாதையான மனிதர்கள்.

வியாழன் பின்னேரம் பஸ் ஓட்டுநர் எடுத்தார். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறார்.

"அக்கா, நான் நாலு வட சாப்பிட்டவன். எனக்கு ஒண்டுமில்ல. அந்த இலயத் தொட்ட ஆக்களுக்குத்தான் வந்திருக்கும். அண்டைக்கி அந்த போர்டுல அதுதானே போட்டிருந்துச்சு. மூணு இலை உள்ள செடியத் தொடாதீங்கண்டு. படமும் இருந்துச்சு. பொய்சன் ஐவி."

"ஏன் தம்பி அப்பவே சொல்லேல்லை?"

"சொல்லப் போனேன். படத்துக்குள்ள விழுறேன்டு தள்ளி நிக்கச் சொன்னாரே."

பொய்சன் ஐவியின் படத்தை எடுத்துப் பார்த்தேன். தலைவரின் தெய்வீகம் அப்படியே இருந்தது. மினுமினுப்பு, மூன்று இலை, நடு இலைக்கு நீளக் காம்பு. அதன் பால் தோலில் பட்டால் ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் கொப்புளம் வருமாம். பட்ட கையால் உதட்டைத் தொட்டால் உதட்டிலும் வருமாம்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். கும்பிடப் போகவில்லை, உண்மையைச் சொல்கிறேன், பார்க்கத்தான் போனேன். ஐயர் இரண்டு கையிலும் வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு கரண்டியால் திருநீறு கொடுத்தார்.

"கைக்கு என்ன ஐயா?"

"தெரியேல்லை அம்மா. பிரதோஷத்துக்கு அடுத்த நாள் துவங்கினது. எரிவு தாங்க ஏலாது."

"பிரதோஷத்துக்கு வில்வம் ஆர் கொண்டுவந்தது?"

"உங்கட தலைவர்தான். ஒரு பை நிறைய. நல்ல பச்சை இலை. ஒவ்வொண்டாத் துடைச்சு எடுத்து அர்ச்சிச்சனான்."

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கையைப் பார்த்தார், பிறகு மூலஸ்தானத்தைப் பார்த்தார். "ஐயோ, சுவாமிக்குச் சாத்திப் போட்டனே" என்றார்.

"ஆலகாலம் குடிச்சவர் ஐயா. அவர் சமாளிப்பார். நீங்கள் டொக்டரிட்டப் போங்கோ" என்றேன்.

ஐயர் எங்கள் பஸ்ஸில் வரவில்லை. ஐயர் என் இறால் வடையைக் கண்ணாலும் பார்த்ததில்லை. இதற்கு மேல் எனக்குச் சாட்சி தேவையில்லை.

சனிக்கிழமை காலை விட்பிக்குக் காரை எடுத்தேன். தலைவர் அங்கேதான் இருக்கிறார். கதவைத் திறந்தவர் அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். கைநுனியில் இளஞ்சிவப்புக் களிம்பு. மூக்கு இன்னும் முழுதாக இறங்கவில்லை.

"அண்ணை, நீங்கள் என்ர வடை சாப்பிட்டனீங்களோ?"

"என்ன தங்கச்சி, உள்ளுக்கு வாரும்…"

"நிண்டு கதைக்கிறன். சாப்பிட்டனீங்களோ?"

"நான்தான் மச்சம் விட்டிருந்தனானே."

"அப்ப உந்தக் கை?"

அவர் கையைப் பின்னால் கொண்டுபோனார். அவருடைய மனைவி குசினியிலிருந்து வந்தார். அவருக்கும் இரண்டு கையிலும் அதே களிம்பு. அந்த அம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது, அதற்காக அவரை எனக்குப் பிடிக்கும்.

"நான் இவருக்கு அப்பவே சொன்னனான்" என்றார். "செவ்வாய்க்கிழமை டொக்டர் பார்த்த உடனை கேட்டவர், காட்டுப் பக்கம் போனனீங்களோ எண்டு. இலையைப் பற்றி விளப்பமாச் சொன்னவர். தங்கச்சியின்ர வடையை ஏன் இழுக்கிறியள் எண்டு நான் கேட்டனான்."

செவ்வாய்க்கிழமை. செய்தி வந்தது புதன்கிழமை. முதல் வரியில் அவரைப் பொய்யர் என்று நான் எழுதியது இதனால்தான். தெரியாமல் இலையைக் கொடுத்தது பிழை, அதை நான் மன்னிப்பேன். கசக்கி மணக்கச் சொன்ன எனக்கும் அந்தப் பிழையில் பங்குண்டு. வைத்தியர் சொன்ன பிறகு, ஒரு இரவு நித்திரை கொண்டு எழும்பி, இறால் வடை என்று எழுதியது பிழை இல்லை. அதற்கு வேறு பெயர்.

தலைவர் குரலைத் தணித்தார். கூட்டங்களில் இரண்டு பக்கத்தையும் சமாதானப்படுத்தும்போது வருகிற குரல்.

"தங்கச்சி, கொஞ்சம் யோசிச்சுப் பாரும். கோயிலுக்கு நச்சிலையைக் குடுத்தது சங்கம் எண்டு வந்தால் ஆருக்கு மானக்கேடு? எங்கட ஊருக்கு. இந்த முறை கோயில் நிர்வாக சபைக்கும் என்ர பேர் போயிருக்கு. வடையெண்டால் அது பெரிய விஷயமில்லை. ஆருக்கும் நடக்கிறது. நாலு மாதத்தில சனம் மறந்திடும். பிறகு சங்கத்து வேலை முழுக்க உமக்குத்தான், நான் பார்த்துத் தாறன்."

"மானம் ஊருக்கு மட்டும்தானோ அண்ணை? எனக்கில்லையோ?"

"நீர் ஒராள்தானே தங்கச்சி. சங்கம் எண்டால் எத்தனை பேர்."

இந்த ஒரு வசனத்தை நான் வீடு வரும் வரைக்கும் மென்றுகொண்டு வந்தேன். நான் ஒராள்தான். பதாகைக்குப் பின்னால் மறைக்கக் கூடிய அளவு.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததை நடந்தபடி குழுவில் எழுதினேன். ஐயரின் கையைப் பற்றி எழுதினேன், நீல நாடாவைப் பற்றி எழுதினேன், நான் கசக்கச் சொன்னதையும் எழுதினேன். பத்து நிமிடத்தில் அது அழிக்கப்பட்டது. அன்று மாலையிலிருந்து அந்தக் குழுவில் நிர்வாகிகள் மட்டும்தான் எழுதலாம். காட்டு வாசலில் எடுத்த படமும் காணாமல் போய்விட்டது. வைன் கிண்ணத்தோடு எடுத்தவை பத்திரமாக இருக்கின்றன. இலையை வாங்கியவர்கள் தனித்தனியாக எனக்குத் தொலைபேசி எடுத்து, "உங்களில பிழையில்லை எண்டு எங்களுக்குத் தெரியும்" என்கிறார்கள். தெரிந்தவர்கள் எல்லோரும் என் காதுக்குள் மட்டும் சொல்கிறார்கள். என் காது ஸ்ரௌவ்விலுக்குச் சாப்பாடு அனுப்பாது.

அந்தக் குடிபூரல் முடிந்துவிட்டது. வேறு யாரோ சமைத்தார்கள், நன்றாக இருந்ததாம். எனக்கு அந்த நாள் திரும்பி வராது, அதை நான் கேட்கவும் இல்லை.

தலைவரே, அடுத்த மாதம் ஆண்டுப் பொதுக்கூட்டம். நான் சந்தா கட்டிய உறுப்பினர், முன்வரிசையில் இருப்பேன். என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கதைக்க வேண்டாம், வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம், கைகூப்பும் படம் போட வேண்டாம். உங்களுடைய உரை வரும்போது, மண்டபத்தில் உள்ள எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிவாங்கியில் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எங்கள் கைகளில் கொடுத்தது என்ன இலை? அது என்ன இலை என்று உங்களுக்கு எந்தக் கிழமை தெரியும்? தெரிந்த பிறகு எதற்காக என் வடையை எழுதினீர்கள்?

இரகசியமாக எனக்குச் சொன்ன பதில் செல்லாது. எழும்பி நின்று சபையில் சொல்லுங்கள்.